விரியாத இலை

“பிளாஸ்டிக்,” என்றேன் நான்.

அத்தான் கம்ப்யூட்டர் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “எது?”

“இந்தப் படத்துல, அந்த மீன் தொட்டியில இருக்கிற செவப்புச் செடி. அசல் பிளாஸ்டிக். வாடாது, அழுகாது, லீவு கேக்காது. என் நாற்காலியில கூட அப்படி ஒண்ணை உக்கார வச்சிடலாம்.”

“வச்சா ஆபீஸ் அமைதியா இருக்கும்,” என்றார் அத்தான்.

அத்தான் என் அக்காவின் கணவர். துப்பறிவது அவர் தொழில். அவர் கோட்டை விடுகிற சில்லறை விஷயங்களைப் பொறுக்கி எடுப்பது, வருகிறவர்களுக்கு டீ போடுவது, அவர் பேசாமல் மிச்சம் வைக்கிற பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசுவது என் தொழில். அக்கா எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தாளா, அவருக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தாளா என்பது எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகாத வழக்கு. அவர் என்னைக் கூப்பிடுவது வாயாடி என்று.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கீழே ஜெராக்ஸ் கடை மூடியிருந்ததால் எங்கள் அறையின் தரை அதிராமல் இருந்தது. தையல்காரம்மா அப்போதுதான் படியிறங்கிப் போயிருந்தார். அவர் குடிக்காமல் விட்டுப்போன டீயில் ஆடை கட்டியிருந்தது.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. மகளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும்.

“ஒரு வார்த்தை சொல்லிட்டேன் சார்,” என்று ஆரம்பித்தார். தையல் வேலை செய்கிறவர் என்பது அவர் சட்டையில் குத்தியிருந்த ஊசியிலேயே தெரிந்தது. “சொல்லாம கொள்ளாம கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்து வாசல்ல நின்னா. எனக்கு வந்த கோவத்துல, இனிமே உன் முகத்துலயே முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். அவ ஒண்ணும் பேசலை, போயிட்டா. அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில ஃபோன்ல அவ முகம் வந்துச்சு. நான் எழுந்ததும் முழிச்சதே அதுலதான்.”

“கொழுப்பு,” என்றேன் பாராட்டாக.

“என் பொண்ணு இல்லையா,” என்றார். வந்ததிலிருந்து அப்போதுதான் ஒரு தடவை சிரித்தார்.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் காலையில் ஒரு படம். படத்தோடு ஒரு வார்த்தை கிடையாது. இவர் ஃபோன் செய்தால் மணி அடிக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். வீடு எங்கே என்று இவருக்குத் தெரியாது. மருமகன் லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கம்பெனியில் போய் விசாரித்தால் வேலையை விட்டுவிட்டார் என்றார்களாம். போலீஸில் சொன்னதற்கு, படம் வருகிறதே, உயிரோடுதான் இருக்கிறார்கள், கோபம் தணிந்தால் வருவார்கள் என்று வழியனுப்பிவிட்டார்கள்.

“அவ என்கிட்ட வந்து இருக்கணும்னு கேக்கலை,” என்றார் கடைசியாக. “அந்த வார்த்தையை நான் திருப்பி வாங்கிக்கணும். அவ்வளவுதான். அதை ஃபோன்ல எழுதி அனுப்பினா ஒட்டாது சார். அவ காதுபடச் சொல்லணும்.”

படங்களை எங்கள் கம்ப்யூட்டருக்கு ஏற்றிக்கொண்டு அவரை அனுப்பி வைத்தோம். நான் உடனே வேலையில் இறங்கினேன். ஜன்னல் தெரிந்தால் தெருவைப் பிடிக்கலாம். காலண்டர் தெரிந்தால் கடையைப் பிடிக்கலாம். இரண்டும் இல்லை. ஒரு சுவர், ஒரு நாற்காலி, மீன் தொட்டியின் ஒரு பாதி, அதற்குள் அந்தச் சிவப்புச் செடி. நடுவில் என் வயதுப் பெண் ஒருத்தி, கன்னத்தில் குழி விழச் சிரித்துக்கொண்டு. வாரத்துக்கு ஒரு சட்டை. எல்லாமே அம்மா தைத்த சட்டைகள் என்று அவரே சொல்லியிருந்தார்.

“ஏன் பிளாஸ்டிக்குன்னு சொல்றே?” என்றார் அத்தான்.

“மூணு மாசமா அப்படியே நிக்குதே. ஒரு இலை கூடல, ஒரு இலை குறையல. உயிருள்ள செடின்னா…”

சொல்லி முடிக்கும்போதுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். “முதல் படத்துலேர்ந்து வரிசையா போடு.”

போட்டேன். முதல் சில படங்களில் தொட்டி காலியாக இருந்தது. பிறகு ஒரு வாரம் செடி வந்தது. உருண்டை இலைகள், நீளமான காம்புகள். அடுத்தடுத்த வாரங்களில் அந்த இலைகள் ஒவ்வொன்றாக அழுகிக் கூழாகி, கடைசியில் மொட்டைக் கட்டை மட்டும் நின்றது. எனக்கே பாவமாக இருந்தது. பிறகு அந்தக் கட்டையின் நடுவிலிருந்து ஒரு இலை, சிவப்பாக, குறுகலாக. பிறகு இன்னொன்று. வாராவாரம் உயரம் ஏறிக்கொண்டே வந்தது. பிளாஸ்டிக்குக்கு அந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது.

ஒரு படம் வந்ததும் அத்தான் கையை உயர்த்தினார். அதில் செடியின் நடுவே புது இலை ஒன்று சுருட்டின குடையாக நின்றது. பக்கத்து இலையில் ஒரு ஓட்டை.

“அடுத்தது.”

அடுத்ததில் வேறு சட்டை. அதே சுருட்டின இலை. அதே ஓட்டை. அதற்கடுத்தது, அதற்கடுத்தது, இன்று காலை வந்த படம் வரைக்கும் அந்த இலை விரியவே இல்லை.

“சட்டை மாறுது, இலை மாறல,” என்றேன். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. “எல்லாம் ஒரே நாள்ல எடுத்ததா அத்தான்?”

“இன்னொண்ணு பார். முதல் சட்டையில முகம் பளிச்சுனு இருக்கு. இன்னைக்கு வந்த சட்டையில நெத்தியில வேர்வை. ஒண்ணை மாத்தி ஒண்ணு போட்டுக் களைச்சுப் போயிருக்கா.”

“யாராவது மிரட்டிப் போடச் சொல்லியிருந்தா?”

அவர் அந்தப் படங்களைத் தன் ஃபோனுக்கு ஏற்றிக்கொண்டார். ஒரு பெண்ணைச் சட்டை மாற்றி மாற்றி உட்கார வைத்து மூன்று மாதத்துக்கான முகங்களை ஒரே நாளில் எடுத்து வைத்துக்கொள்கிற ஆள், அந்த நாளுக்கு மறுநாள் என்ன செய்திருப்பான் என்று நானே யோசித்துக்கொண்டேன். யோசித்தது பிடிக்கவில்லை.

“ஒரு செடி வளராம அப்படியே நிக்குமான்னு நமக்குத் தெரியாது,” என்றார் அத்தான் சாவியை எடுத்துக்கொண்டு. “தெரிஞ்சவங்களைக் கேட்டுட்டு அப்புறம் பயப்படலாம்.”

முதலில் போன வளர்ப்பு மீன் கடையில் செடியே விற்பதில்லை. இரண்டாவது கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு எங்களுக்கு ஆமை விற்கப் பார்த்தார். மூன்றாவது கடையில் ஒரு அக்கா தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டிருந்தார். திரும்பாமலே, “கண்ணாடியைத் தட்டாதீங்க, அதுங்களுக்குத் தலைவலி வரும்,” என்றார். நான் தட்டிக்கொண்டிருந்த விரலை மடக்கிக்கொண்டேன்.

அத்தான் ஃபோனில் செடியை மட்டும் பெரிதாக்கிக் காட்டினார். “இது நிஜச் செடிதானா?”

மீன்கடை அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். “ரெட் ஸ்வார்ட். செவப்பு வாள். பிளாஸ்டிக்குல ஓட்டை விழுமா? ஓட்டையோட ஓரம் கண்ணாடி மாதிரி ஆயிருக்கு பாருங்க, அதுக்குப் பசி. இது வேர்ல சாப்பிடற ஜாதி. தண்ணியில எதைக் கலந்தாலும் போதாது; சரளைக்கு அடியில, வேர்கிட்ட, உர மாத்திரையைப் புதைக்கணும். நல்ல வெளிச்சம் வேணும். அப்பத்தான் புது இலை செவப்பா வரும். வயசானா எல்லாம் பச்சைதான்.”

“நமக்கு வெள்ளை, அதுக்குப் பச்சை,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கடைக்காரர்கள் பலருக்கு என் அருமை தெரிவதில்லை.

“இப்படிச் சுருட்டிக்கிட்டிருக்கிற இலை எத்தனை நாள் அப்படியே இருக்கும்?” என்றார் அத்தான்.

“ரெண்டு நாள், மூணு நாள். அதுக்குள்ள விரிஞ்சிடும்.”

“சில மாசம் வளராம அப்படியே நின்னா?”

“நிக்காதுங்க. சத்து இருந்தா இலை விடும், இல்லேன்னா உருகிச் செத்துடும். நடுவுல நிக்கிறதுன்னு ஒண்ணு இதுக்குக் கிடையாது.”

அத்தான் தலையை ஆட்டிவிட்டு, படத்தை முழுசாகத் திறந்தார். பெண்ணின் முகம் வந்தது. மீன்கடை அக்காவின் முகம் மாறிவிட்டது.

“அட, இவளா. என் கடையையே தலைகீழா ஆக்கினவ ஆச்சே.”

“சண்டையா?”

“வாங்கிட்டுப் போன செடி உருகிடுச்சுன்னு ஒரு நாள் வந்து நின்னா பாருங்க. செத்த செடியை என் தலையில கட்டிட்டீங்களேன்னு ஒரே ரகளை. நான் சொன்னேன், அம்மா தாயே, இதைப் பண்ணையில தண்ணிக்கு வெளியே வளர்க்கிறாங்க. தொட்டிக்குள்ள முங்கினதும் பழைய இலையெல்லாம் உருகிடும். குருத்து கெட்டியா இருந்தா சாகல. தண்ணிக்குன்னு வேற இலை விடும், காத்திரு, குருத்தை மட்டும் மண்ணால மூடிடாதேன்னேன். நம்பவே இல்லை. அப்புறம் ஒரு மாசம் கழிச்சு வந்து, அக்கா செவப்பா விட்டிருச்சுன்னு என்னைக் கட்டிப் பிடிச்சா. சண்டை போடறவங்கதான் திரும்பி வந்து கட்டியும் பிடிக்கிறாங்க.”

“கடைசியா எப்ப வந்தா?”

அவர் யோசித்தார். “மழைக்கு முன்னாடி. இப்ப வர்றதில்லை. புருஷன்தான் ஃபோன் பண்ணி மாத்திரை கேக்கறார். நான் வீட்டுக்குப் போற வழிதான், கொண்டுபோய்க் குடுத்திடுவேன். நல்ல மனுஷன்னு நினைச்சேன். ஆனா கதவை ஒரு சாண்தான் திறக்கிறார். அவ எங்கேன்னு கேட்டா தூங்கறான்னுவார். எப்பப் போனாலும் தூங்கறாளாம்.”

நானும் அத்தானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

“அடுத்த மாத்திரை எப்பக் குடுக்கணும்?” என்றார் அத்தான்.

“இன்னைக்குத்தான். கடையை மூடிட்டுப் போகணும்.”

“நாங்க குடுத்துடறோம்,” என்றார்.

அந்த வீடு ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், கடைசிக் கதவு. வழியில் நான் நிறையப் பேசினேன். லிஃப்ட் மெக்கானிக் என்றால் ஆளை மேலே அனுப்புவது அவனுக்கு வழக்கம்தான் என்று கூடச் சொன்னேன். பயத்தில் என் வாய் இன்னும் நீளும் என்பது அத்தானுக்குத் தெரியும். அதனால் திட்டவில்லை.

மணி அடித்ததும் கதவு ஒரு சாண் திறந்தது. தாடி மண்டிய முகம், தூக்கமில்லாத கண்கள். முப்பதைத் தாண்டாதவராக இருக்க வேண்டும். ஆனால் அப்படித் தெரியவில்லை.

“மீன் கடையிலேர்ந்து,” என்றார் அத்தான், பொட்டலத்தைக் காட்டி.

ஒரு கை வெளியே வந்தது. கதவு மூடுவதற்குள் நான் செருப்புக் காலை இடுக்கில் வைத்துவிட்டேன். “செடி எப்படி இருக்குன்னு அக்கா பார்த்துட்டு வரச் சொன்னாங்க. செவப்பா இருக்கான்னு. உங்களுக்கு அவங்களைப் பத்தித் தெரியுமே, பார்க்காம போனா என்னைத் தொட்டியில போட்டுடுவாங்க.”

அவர் என்னைப் பார்த்தார். தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளுவதற்குக்கூடத் தெம்பில்லாதவராகக் கதவை விட்டுவிட்டார்.

உள்ளே அதே சுவர், அதே நாற்காலி. தொட்டியைப் பார்த்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தச் செடி தொட்டியில் பாதியை அடைத்துக்கொண்டு, தண்ணீரின் மேல்மட்டத்தைத் தொட்டு நின்றது. வெளி இலைகள் பச்சை. உள்ளே போகப் போகச் செம்பு நிறம். நடுவில் இருந்தவை திராட்சைச் சிவப்பு. ஒரு ஓட்டை கிடையாது. இவ்வளவு அழகாக ஒரு செடியை வளர்க்கிறவன் கொலைகாரனாக இருக்க முடியுமா என்று ஒரு கணம் தோன்றியது. இருக்கலாம் என்றும் தோன்றியது.

அத்தான் ஃபோனை எடுத்து, காலையில் வந்த படத்தைத் தொட்டிக்குப் பக்கத்தில் பிடித்தார்.

“இந்த இலை எங்கே சார்?”

மெக்கானிக் படத்தைப் பார்த்தார். அது யாருடைய ஃபோனுக்குப் போன படம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. மறுக்கவோ கத்தவோ செய்யவில்லை.

“அது விரிஞ்சு, பச்சையாகி, பழுத்துப் போச்சு. போன மாசம் நான்தான் வெட்டி எடுத்தேன்.”

“இன்னைக்குக் காலையில வந்த படத்துல அது இன்னும் விரியவே இல்லையே,” என்றேன். “செடி நல்லா வளர்ந்திருக்கு. இதை வாங்கிட்டு வந்தவங்க எங்கே?”

“தூங்கறா.”

அறையில் ஒரு மோட்டார் சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது. மீன் தொட்டி என்றால் அப்படி ஒரு சத்தம் இருக்கும்தானே என்று நான் அதைக் காதில் வாங்கவில்லை. அத்தான் குனிந்து தொட்டியின் அடியில் பார்த்தார். தொட்டியின் ஃபில்டர் கழற்றப்பட்டு, கழுவுவதற்காக ஒரு வாளியில் கிடந்தது. தண்ணீரில் ஒரு குமிழி இல்லை.

“தொட்டி மோட்டார் வாளியில கிடக்கு,” என்றார் அத்தான் மெதுவாக. “அப்ப ஓடறது எது?”

மெக்கானிக் உள்ளறைக் கதவைப் பார்த்தார். நான் போய்த் திறந்தேன்.

கட்டிலில் அவள் படுத்திருந்தாள். ஓடிக்கொண்டிருந்தது அவளுக்குக் கீழே இருந்த காற்று மெத்தையின் மோட்டார். படுத்தே கிடக்கிறவர்களுக்கு முதுகில் புண் வராமல் இருக்கப் போடுகிற மெத்தை. மூக்கில் ஒரு மெல்லிய குழாய், கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தது. மொட்டையடித்த தலையில் இப்போது பொடிமுடி வளர்ந்திருந்தது. காதுக்கு மேலே ஒரு நீளத் தையல் தழும்பு. கண் திறந்திருந்தது. நான் அதற்கு முன்னால் போய் நின்றேன். கையை ஆட்டினேன். அந்தக் கண் என்னை விட்டுவிட்டு எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நகங்கள் வெட்டி, முகம் துடைத்து, போர்வை சுருக்கமில்லாமல் இருந்தது. அவ்வளவு சுத்தமாக நான் ஒரு நோயாளியைப் பார்த்ததில்லை.

“தலைக்குள்ள கட்டி,” என்றார் மெக்கானிக், வாசலில் நின்றபடி. “எடுத்தே ஆகணும்னாங்க. எடுத்தா பேச்சு வரலாம், வராம போகலாம், எழுந்து நடக்கக் கொஞ்ச நாளாகலாம்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள் பீரோவைத் திறந்து, அவங்க அம்மா தைச்ச சட்டை எல்லாத்தையும் எடுத்துக் கட்டில்ல போட்டா. ஒண்ணொண்ணா போட்டுக்கிட்டு, எடுங்க எடுங்கன்னா. எனக்கு அழுகையா வருது, அவ சிரிக்கிறா. பொத்தான் போட்டுவிடப் போனா எனக்கு வரலை, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா.”

“அம்மாகிட்டச் சொல்லியிருக்கலாமே,” என்றேன்.

“சொன்னா ஓடி வந்திடுவாங்க. கோவம் போய் வரணும், பரிதாபப்பட்டு வரக்கூடாதுன்னா. எழுந்ததும் நானே நேர்ல போய் நிக்கறேன், அதுவரைக்கும் வாரம் ஒண்ணு நீங்க அனுப்புங்கன்னு சத்தியம் வாங்கிட்டா. சட்டை தீர்றதுக்குள்ள எழுந்திடுவேன்னா.”

“டாக்டர் என்ன சொல்றார்?” என்றார் அத்தான்.

“மொதல்ல பார்ப்போம்னார். இப்பல்லாம் நான் கேட்டா தரையைப் பார்க்கறார்.”

வேலையை விட்டது இதற்குத்தான். பகலில் இவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அவருடைய அண்ணன் கொஞ்சம் பணம் அனுப்புகிறாராம், அதில் ஓடுகிறதாம். யாரையும் உள்ளே விடாததற்குக் காரணம் கேட்டேன். இவளை இப்படிப் பார்த்தவர்கள் இனி இப்படித்தான் நினைவு வைத்துக்கொள்வார்கள், அது அவளுக்குப் பிடிக்காது என்றார்.

பிறகு கூடத்துத் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். “அதுக்கு அடியில ஒரு மாத்திரை வச்சா, வாரம் ஒரு இலை விடுது சார். ஒரு மாத்திரைதான். இங்கே நான் எத்தனை குடுத்தாச்சு.”

அத்தான் கையிலிருந்த ஃபோனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. சுருட்டின இலையைக் கண்டுபிடித்தபோது நாங்கள் இரண்டு பேரும் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தோம். கொலைகாரன் ஒருவன் இங்கே இருந்திருந்தால் அவனைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கலாம். பிடித்துக் கொடுக்க இங்கே யாருமே இல்லை.

“காலையில போனதுதான் கடைசிப் படம்,” என்றார் மெக்கானிக். “சட்டை தீர்ந்து போச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை என்ன அனுப்பறதுன்னு நேத்துலேர்ந்து யோசிச்சுக்கிட்டிருக்கேன். இவளை இப்படியே ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா? நீங்களே சொல்லுங்க.”

“அவங்க ஒரு வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கணும்னு கேட்டாங்க,” என்றார் அத்தான்.

“யார்கிட்டேர்ந்து சார் வாங்குவாங்க?”

அப்போது என் ஃபோன் அடித்தது. தையல்காரம்மா. எடுக்காமல் இருக்கலாம் என்று நினைத்தேன். இந்த வீட்டிலும் ஒரு ஃபோன் இப்படித்தான் எடுக்கப்படாமல் அடித்துக்கொண்டிருந்திருக்கும். அத்தான் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். மெக்கானிக் வேண்டாம் என்பதுபோலக் கையைத் தூக்கி, பாதியிலேயே கீழே விட்டுவிட்டார். எடுத்தேன்.

“சாயங்காலம் பேசறேன்னு சொன்னீங்க. எனக்குத்தான் இருப்புக் கொள்ளலை, கண்ணு. ஏதாவது தெரிஞ்சுதா?”

“கண்டுபிடிச்சிட்டோம்மா.”

பின்னணியில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது. தானே ஓட்டவில்லை போலும், கூட யாரோ இருந்திருக்கிறார்கள்; ‘கொஞ்சம் நிறுத்தேன்’ என்று அவர் சொன்னது கேட்டது.

“நல்லா இருக்காளா?”

“இருக்காம்மா.”



“நல்லா இருக்காளான்னு கேட்டேன்.”

பொய் சொல்ல எனக்கு வரும். தொழிலே அதுதான். கதவைத் திறக்க வைக்க, கடைக்காரரைப் பேச வைக்க, நிமிஷத்துக்கு ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை.

“அம்மா, அவங்களுக்குத் தலையில ஒரு ஆபரேஷன் நடந்திருக்கு. படுக்கையில இருக்காங்க. பேச முடியாது. யாரையும் அடையாளம் தெரியலை. உங்க மருமகன் பக்கத்துலேயே இருந்து பார்த்துக்கறார். நல்லா பார்த்துக்கறார்மா.”

அவர் அழுவார் என்று நினைத்தேன். கேள்விதான் வந்தது, சின்னக் குரலில்.

“காது கேக்குமா?”

நான் மெக்கானிக்கைப் பார்த்துக் கேட்டேன். “காது கேக்குமான்னு கேக்கறாங்க.”

“தெரியலைங்க,” என்றார். “டாக்டருக்கே தெரியலை.”

“தெரியலையாம், அம்மா.”

“நான் வந்துக்கிட்டே இருக்கேன். இப்பவே கிளம்பறேன், விலாசத்தை அனுப்பு. அதுக்கு முன்னாடி ஃபோனை அவ காதுல வை.”

“அம்மா…”

“வை கண்ணு. நான் வர்றதுக்குள்ள எனக்குத் தைரியம் போயிடும்.”

கட்டிலோரம் முட்டி போட்டு உட்கார்ந்தேன். தையல் தழும்பில் படாமல் ஃபோனை அவள் காதோரம் வைத்தேன். அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால், வேண்டாம் என்று நினைத்தும் எனக்குக் கேட்டது.

“நான்தான்டி. அம்மா. அன்னைக்குச் சொன்னேனே… அது சும்மா சொன்னதுடி. கோவத்துல வாயில வந்தது. அது ஒரு பேச்சா. நீ அதைப் போய்ப் பிடிச்சு வச்சுக்கிட்டியே. நான் உன் முகத்துலதான்டி முழிக்கறேன், வாரம் பூரா உன் முகத்துலதான். அந்த வார்த்தையை எடுத்துட்டேன். சரியா? எடுத்துட்டேன். கேக்குதா?”

பிறகு மூச்சு மட்டும் கேட்டது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இமை துடித்தால் போதும், ஒரு விரல் அசைந்தால் போதும் என்று இருந்தது. அவள் கண்ணைச் சிமிட்டினாள். அதற்கு முன்னும் அப்படித்தான் சிமிட்டிக்கொண்டிருந்தாள். பார்வை சுவரிலேயே இருந்தது. மெத்தையின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

ஃபோனை என் காதுக்கு எடுத்தேன்.

“கேட்டுச்சா அவளுக்கு?”

நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் அவளைப் பார்த்தார்.

“சொல்லு கண்ணு, கேட்டுச்சா?”